பஞ்சாங்கமும் பக்தியும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



ஓர் ஊரார் தங்கள் திருக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்துவதென்று உறுதி செய்தவுடன் கையில் எடுக்கும் நூல் பஞ்சாங்கம். பாலாலயத்துக்கும் யாகசாலைக் கால்கோளுக்கும் நாள் பார்ப்பது அதைக் கொண்டே. திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புக்களையும் ஆராய்ந்து, லக்கினம் குறித்து, இன்ன நாளில் இன்ன நாழிகையில் விமானக் கலசத்தின்மீது புனிதநீர் சொரியப்பட வேண்டும் என்று பெரியோர் வரையறுக்கின்றனர். அந்த ஒரு கணத்துக்காக ஆயிரக்கணக்கான அடியார்கள் வெயிலையும் பொருட்படுத்தாமல் அண்ணாந்து நிற்கின்றனர். கருடன் வட்டமிடுமா என்று கண்கள் வானைத் துழாவுகின்றன. கலசத்தில் நீர் விழுந்ததும் கைகள் தாமாகவே தலைக்குமேல் குவிகின்றன.

குவித்தது பக்தி. ஆனால் அந்தக் கணத்தைக் குறித்துக் கொடுத்தது கணிதம். சூரியனும் சந்திரனும் எங்கே நிற்கின்றன என்று அளந்து கண்ட வானநூல் இல்லையேல், கோயிலில் பிரதோஷம் இல்லை, சிவராத்திரி இல்லை, தைப்பூசம் இல்லை. விஞ்ஞானமும் சமயநம்பிக்கையும் ஒத்து வாழ முடியுமா என்ற வினா இந்நாளில் பலராலும் எழுப்பப்படுகின்றது. அவ்விரண்டும் ஒரே ஏட்டில் குடியிருந்த வரலாற்றைப் பஞ்சாங்கம் காட்டுகின்றது. அவை எப்போது இணங்கின, எப்போது பிணங்கின, பிணங்கியபோது சான்றோர் யாது செய்தனர் என்பதை ஆராய்வதே இவ்வினாவுக்கு விடை காணும் நேர்வழி.

நிழலும் இராகுவும்

கிரகணத்தை முதலில் எடுத்துக்கொள்வோர், இது இக்கால விஞ்ஞானம் கொண்டுவந்த சிக்கல் என்று எண்ணுவர். அது பிழை. கி.பி. 499-ஆம் ஆண்டை ஒட்டித் தம் நூலை இயற்றிய ஆரியபடர், சூரியனைச் சந்திரன் மறைப்பதே சூரிய கிரகணம் என்றும், சந்திரன்மீது பூமியின் நிழல் படிவதே சந்திர கிரகணம் என்றும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் அதையே வலியுறுத்தினார். இராகு என்னும் பாம்பு விழுங்குவது கிரகணத்துக்குக் காரணம் அன்று என்று காட்டிய அவரே, கிரகண காலத்தில் செய்யும் தானமும் ஓமமும் இராகுவைச் சேரும் என்பது பிரமன் அளித்த வரம் என்று கூறி, வழிபாட்டுக்கும் இடம் வைத்தார். 628-இல் பிரம்மகுப்தர் ஆரியபடரோடு மாறுபட்டு, இராகுவைப் பற்றிய சாத்திரக் கொள்கைக்கு வாதாடினார். ஆனால் கிரகணத்தைக் கணக்கிட்டபோது அவரும் நிழலின் அளவைக் கொண்டே கணக்கிட்டார்.

இங்கே கருதத் தக்கது ஒன்று உண்டு. காரணம் நிழல் என்று தெரிந்த பின்னரும் நீராடலும் செபமும் தர்ப்பணமும் நின்றுவிடவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக, அறிந்தவர்கள் அறிந்துகொண்டே நீராடினர். கிரகணம் ஏன் நிகழ்கிறது என்பது ஒரு வினா. அவ்வேளையில் மனிதன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது மற்றொரு வினா. முன்னதற்கு வந்த விடை பின்னதை அழித்துவிடவில்லை.

சோழிக் கணக்கு

தமிழகத்தின் பழைய பஞ்சாங்கம் வாக்கிய முறையைச் சார்ந்தது. சந்திரனின் நிலையை நாள்தோறும் காட்டுவதற்கு 248 வாக்கியங்கள் உண்டு. அவை வரருசியின் பெயரால் வழங்குவன. எழுத்துக்களுக்கு எண்மதிப்புக் கொடுத்து அமைத்த அச்சொற்றொடர்களை மனப்பாடம் செய்தவனுக்கு ஏடும் எழுத்தாணியும் வேண்டியதில்லை. சந்திரன் பூமிக்கு அணித்தாய் வந்து, விலகிச் சென்று, மீண்டும் அணித்தாய் வருவதற்கு ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகும். அத்தகைய ஒன்பது சுற்றுக்கள் சேர்ந்தால் 248 நாள். இந்த நுட்பத்தைக் கண்டுதான் அந்த எண்ணைத் தேர்ந்தனர்.

இம்முறையின் ஆற்றலை வெளிநாட்டார் இருவர் சோதித்துப் பார்த்தனர். சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்லும் காட்சியைக் காண்பதற்காகப் பிரான்சிலிருந்து வந்தவர் லெ ஜாந்தீல். 1769-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் புதுச்சேரியில் அவர் காத்திருந்த அந்த நாழிகையில் மேகம் சூரியனை மறைத்துவிட்டது. வந்த காரியம் கைகூடாத அவர், அவ்வூரில் தங்கிய காலத்தில் தமிழர் ஒருவரிடம் இந்நாட்டு வானக் கணிதத்தைப் பயின்றார். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத் தமிழ்க் கணக்கால் பார்த்தபோது, பிழை 41 விநாடியே; ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த மேயரின் அட்டவணையாலோ பிழை 68 விநாடி.

இதைக் கேட்கும் அன்பர்கள் உள்ளம் பூரிக்கும். பூரிப்பதில் தவறும் இல்லை. ஆனால் இரண்டாவது சோதனையையும் கேட்டாக வேண்டும். 1825-ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் ஆங்கிலச் சேவை அதிகாரி, புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய் இருந்த வாக்கியங்களைக் கொண்டே, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 நாட்களுக்கு உரிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தன. அக்கணிதர் நினைவாற்றலில் இணையற்றவர். ஆனால் தாம் செய்யும் கணக்கின் காரணத்தை அறியாதவர் என்று வாரன் எழுதினார்.

ஒரு முறை விநாடிக் கணக்கில் பொருந்தியது. மற்றொரு முறை ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிசகியது. முதல் சோதனையை மட்டும் மேடையில் முழக்கி, இரண்டாவதை மறைப்பது சமயத் தொண்டு ஆகாது. பிசகு நேர்ந்ததற்குக் காரணம் முன்னோரின் அறியாமை அன்று. அவர்கள் தந்த எண்களைப் பின்வந்தோர் வானத்தோடு ஒத்துப் பாராமல் விட்டதே காரணம். வாக்கிய முறையில் ஓர் ஆண்டின் அளவு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. இன்றைய கடிகாரக் கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. சூரியன் ஒரு விண்மீனிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதனை அடையும் உண்மைக் காலத்தைவிட இது மூன்றே கால் நிமிடத்துக்குச் சற்று மிகுதி. பருவங்களின் ஆண்டோடு ஒப்பிட்டாலோ ஏறத்தாழ 24 நிமிடம் மிகுதி. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டு ஒரு சுற்று முடிந்தால் ஏறத்தாழ ஒரு நாள் தள்ளிப்போகும். ஆகவேதான் சூரியன் டிசம்பர் 21, 22-இலேயே வடக்கு நோக்கித் திரும்பிவிட, உத்தராயணப் புண்ணியகாலம் தை முதல் நாளில் கொண்டாடப்படுகின்றது.

வேள்வி செய்தவர் வானை நோக்கினார்

பிசகு கண்டபோது சமயச் சான்றோர் யாது செய்தனர்? கேரள நாட்டில் நிளை ஆற்றங்கரையில் வாழ்ந்த பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் நோக்கிக் குறித்து, பழைய கணக்கைத் திருத்தி, 1431-ஆம் ஆண்டில் ‘திருக்கணிதம்’ என்னும் நூலை இயற்றினார். திருக் என்பது கண். கண்ணுக்குப் பொருந்தும் கணிதம் என்பது அதன் பொருள். இன்று தமிழகத்தில் வழங்கும் திருக்கணிதம் என்ற பெயரில் உள்ள ‘திரு’ இந்தத் ‘திருக்’ என்னும் வடசொல்லே என்பதை அறியாதார் பலர்.

அவருடைய மகனார் தாமோதரரிடம் பயின்றவர் 1444-ஆம் ஆண்டில் பிறந்த நீலகண்ட சோமயாஜி. சோமவேள்வி செய்தவர் என்பதை அவர் பெயரே சொல்லும். வைதிக ஒழுக்கத்தில் அவரை விஞ்சியவர் என்று எவரையும் காட்டுவது அரிது. தமிழகத்தில் வாக்கியக் கணிதத்துக்கு உரை வகுத்த சுந்தரராஜர் என்பார் தம் ஐயங்களை அவருக்கு எழுதி விடை பெற்றார். மலைக்கு அப்புறமும் இப்புறமும் இருந்த இரு பெரியார்கள் கணக்கைப் பற்றிக் கடிதத்தில் உரையாடினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அந்தச் சோமயாஜி ஜ்யோதிர்மீமாம்சை என்னும் நூலில் ஒரு தடையை எழுப்பி விடை கூறுகின்றார். ஆரியபடரின் தவத்துக்கு இரங்கிப் பிரமனே அவருக்கு வானநூலை உபதேசித்தான் என்றால், அதை மனிதர் சோதிக்கலாமா என்பது தடை. தெய்வம் நேரில் வந்து எண்களைச் சொல்லிக் கொடுப்பதில்லை. தெய்வத்தின் அருள் அறிவைத் தெளிவாக்குவதே ஆகும் என்பது அவர் தந்த விடையின் கருத்து. ஆகவே கணக்கு வானத்தோடு மாறுபட்டால் கணக்கையே திருத்த வேண்டும் என்றும், அதற்காக இடைவிடாது நோக்கி ஆராய வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். சோதித்து அறியும் தெளிவே அருளின் அடையாளம் என்று ஒரு வேள்வியாளர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பளித்துவிட்டார்!

பிற்காலத்தில் இதே நெறியில் நின்றவர் சென்னை நுங்கம்பாக்கம் வானாராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872-இல் இங்கிலாந்தின் அரச வானியற் கழகத்தில் உறுப்பினரானவர். 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தை ஆராய வனபர்த்திக்குச் சென்றவரும் அவரே. அன்றைய கிரகணத்தின்போது ஆராய்ந்தோர் பலருடைய கருவிகளில் ஒரு மஞ்சள் ஒளிக்கோடு தோன்றியது. ஹீலியம் என்னும் தனிமம் அதன் வாயிலாகவே பின்னர் உலகுக்கு அறிமுகமாயிற்று. சமுத்திரக் கரையில் மக்கள் நீராடிச் செபித்த அதே நிமிடங்களில், அதே இருளில், அறிவு ஒரு புதிய வாயிலைத் திறந்தது.

ரகுநாதாசாரி கருவியோடு நின்றுவிடவில்லை. கண்ணுக்குப் பொருந்தும் கணிதத்தைக் கொண்டு பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, சித்தாந்தி ஒருவரும் பண்டிதர் ஒருவரும் உரையாடுவதாக விளக்க நூல் ஒன்றை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவரச் செய்தார். அவர் சடங்கை ஒழிக்க வந்தவர் அல்லர். பஞ்சாங்கத்தை வானோடு பொருத்த வந்தவர்.

விடுதலைக்குப் பின் 1952-இல் மேக்நாத் சாகாவைத் தலைவராகக் கொண்டு நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. 1955-இல் அது தந்த அறிக்கையை ஒட்டி 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டுக் கணக்கு அரசின் நாட்காட்டியாயிற்று. சமய விழாக்களுக்கு உரிய திதி, நட்சத்திரங்களும் புதுக் கணிதத்தால் கணிக்கப்பட்டு இராஷ்டிரிய பஞ்சாங்கத்தில் வெளிவரலாயின.

வேலி எது, வயல் எது?

இங்கே இரு திறத்தார் தடை கூறுவர். கோள்களின் நடை கணக்குக்குள் அடங்கிவிட்டது என்றால் கடவுள் எதற்கு என்பார் ஒரு திறத்தார். கணக்கைத் திருத்த இடம் கொடுத்தால் நாளை எல்லாவற்றையும் திருத்தச் சொல்வரே என்று அஞ்சுவார் மற்றொரு திறத்தார். இருவர் கூற்றிலும் பொருள் இல்லாமல் இல்லை. ஆகவே எல்லையைத் தெளிவாகக் காண வேண்டும்.

சைவ சித்தாந்தம் அறிவுக்கு வாயிலாகக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைக் கொள்கின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பதியையும் பசுவையும் பாசத்தையும் நிறுவப் புகுமுன் அளவையைத்தான் எடுத்துப் பேசினார். கண்ணாலும் அனுமானத்தாலும் எட்டக்கூடியதை அவற்றாலேயே அறிதல் வேண்டும். அவை எட்டாத இடத்தில் ஆகமம் கைகொடுக்கும். சங்கராசாரியரும் கீதையின் பதினெட்டாம் அத்தியாய உரையில், நெருப்பின் வெம்மை போன்று கண்கூடாகத் தெரிவதற்கு மாறாகச் சுருதி பேசினாலும் அவ்விடத்தில் அது பிரமாணமாகாது என்னும் கருத்தை விளக்கியுள்ளார். மறையை ஒப்பற்ற பிரமாணமாகக் கொண்டவர்களே இவ்வெல்லையை வகுத்தனர் என்பதை மறத்தலாகாது.

ஆகவே, கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்பது காட்சிக்கும் கணக்கிற்கும் உரிய வயல். அங்கே ஆகமத்தின் பெயரால் யாரும் வேலி போடலாகாது. அவ்வேளையில் இறந்த முன்னோரை நினைத்து எள்ளும் நீரும் இறைப்பதும், இல்லாதார்க்கு ஈவதும், ஐந்தெழுத்தை ஓதுவதும் உள்ளத்துக்கு என்ன செய்யும் என்பதோ தொலைநோக்கியால் காணும் பொருள் அன்று. அங்கே கருவியின் பெயரால் வேலி போடலாகாது. ஆனால் சமயத்தின் பெயரால் ஒருவர் உலகப் பொருளைப் பற்றி ஒரு செய்தி சொன்னால், அந்தச் செய்தி மட்டும் உலகத்தார் சோதனைக்கு உட்பட்டே தீரும். அதற்குச் சலித்துக்கொள்வதில் பயன் இல்லை.

பொய்த் தூண் வேண்டா

சமயத்தைக் காப்பதாக எண்ணி அதற்கு விஞ்ஞானப் பூச்சுப் பூசுவது இந்நாளில் ஒரு வழக்கமாகிவிட்டது. கோபுரக் கலசம் ஊரையே காக்கும் இடிதாங்கி என்று பேசாத மேடை இல்லை. இடிதாங்கி என்பது உலோக முனை மட்டும் அன்று. மின்சாரத்தை அம்முனையிலிருந்து தரைக்குள் கொண்டு இறக்கும் உலோகப் பாதையும் அதற்கு வேண்டும். செங்கலும் சுண்ணமும் ஆகிய விமானத்தின் உச்சியில் கலசம் மட்டும் இருந்தால் அந்தப் பணி நடைபெறாது. அதனாலேயே கோபுரங்களுக்குத் தனியே இடிதாங்கி அமைக்கின்றனர். கலசம் வழிபாட்டுக்கு உரியது. ஓமத்தில் ஆவாகனம் செய்த நீரை ஏற்பது. தொலைவில் வருபவனுக்கும் கை குவிக்கச் சொல்வது. இந்தப் பெருமை போதாதென்று இல்லாத பெருமையை ஏற்றுவது எதற்கு? பள்ளியில் மின்னியல் படித்த மகன் அது பிழை என்று அறியும் நாளில், தந்தை சொன்ன ஏனைய உண்மைகளையும் சேர்த்தே ஐயுறுவான். பொய்த் தூணை நட்டவர் கோபுரத்தைத் தாங்கவில்லை. சாய்க்கவே வழி செய்தனர்.

இதே படிப்பினை கிறித்தவ உலகத்திலும் உண்டு. 1633-இல் கலீலியோவுக்குத் தண்டனை விதித்த திருச்சபை, காட்சிக்கு உரிய வயலில் வேலி போட்டு நெடுங்காலம் பழி சுமந்தது. அதே சபையைச் சேர்ந்த பெல்ஜிய நாட்டுக் குரு ஜார்ஜ் லெமத்ர் 1927-இல் பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கின்றது என்று எழுதினார். 1931-இல் அது ஒரு மூல அணுவிலிருந்து தோன்றியிருக்கக்கூடும் என்ற கருத்தை வெளியிட்டார். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் இக்கொள்கையைப் படைப்புக் கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டிப் பேசினார். அதனை விரும்பாதவர் வேறு எவரும் அல்லர், லெமத்ரே! ஆராய்ச்சிக் கொள்கை நாளை மாறலாம். மாறக்கூடிய ஒன்றின்மேல் கடவுளை அமர்த்தலாகாது என்பதை அக்குரு அறிந்திருந்தார்.

கிரகண காலத்தைப் பற்றிய அச்சங்களையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கினால் பார்வை கெடும், இது மெய். கருவுற்ற பெண் வெளியே வந்தால் குழந்தைக்கு ஊனம் நேரும் என்பதற்கோ சான்று இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியை நெடுநேரம் நீரும் அருந்தவிடாமல் இருட்டறையில் வைப்பதுதான் தீங்கு. கிரகணத்தின்போது பெரும்பாலான கோயில்களில் நடை சாத்துவது மரபு. திருக்காளத்தியிலோ நடை திறந்தே இருந்து வழிபாடு நடைபெறுகின்றது. இரண்டும் மரபே. மரபில் இத்தனை விரிவு இருக்க, அச்சத்தை மட்டும் பற்றிக்கொள்வானேன்?

பூசலார் பார்த்த நாள்

இனி அன்பர் உள்ளத்தில் உண்மையில் நோவது ஒன்று உண்டு. வாக்கியம் ஒரு நாழிகையைச் சொல்ல, திருக்கணிதம் வேறொன்றைச் சொல்கின்றது. சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா எடுத்தது வாக்கிய நாளில். வானத்தில் உள்ள சனி ஒன்றே அன்றோ? அப்படியாயின் நளதீர்த்தத்தில் மூழ்கி எழுந்த இலட்சக்கணக்கானோரின் வழிபாடு வீணா? பிசகிய நாழிகையில் பாட்டனார் காலத்தில் செய்த குடமுழுக்குச் செல்லாதா?

இதற்கு விடை திருநின்றவூரில் உள்ளது. பொருள் இல்லாத பூசலார் நெஞ்சுக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் எழுப்பினார். காஞ்சியில் காடவர்கோன் கற்கோயில் எழுப்பினான். இருவர் குறித்த நாளும் ஒன்றாயிற்று. பூசலாரின் விழாவுக்கு முன்னுரிமை தந்த இறைவன், மன்னன் கனவில் தோன்றி வேறு நாள் பார்க்கச் சொன்னான். பெரியபுராணம் உரைக்கும் இவ்வரலாற்றில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. யாரும் காணாத மனக்கோயிலுக்கும் பூசலார் நல்ல நாள் பார்த்தார்! தம்மால் இயன்ற அளவும் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பதே அன்பின் இயல்பு. ஆனால் இறைவன் எழுந்தருளியது நாளுக்காக அன்று, அன்புக்காக.

ஆகவே முன்னோர் தமக்குக் கிடைத்த கணக்கைக் கொண்டு உள்ளன்போடு செய்த வழிபாடு ஒன்றும் வீண் போகவில்லை. அறியாது நேர்ந்த பிசகை ஆண்டவன் பொறுப்பான். ஆனால் பிசகு என்று அறிந்த பின்னரும் சோம்பலாலோ வீம்பாலோ அதையே பற்றி நிற்பதைப் பக்தி என்று அழைத்தல் தகாது. ஆண்டவனுக்குச் சாத்தும் மாலையில் வாடிய பூ இருந்தால் எடுத்தெறிந்து புதுப்பூ வைப்பதுபோல, அவனுக்குரிய நாழிகையிலும் பிழை கண்டால் திருத்துவது வழிபாட்டின் உறுப்பே. பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் வானை நோக்கியதும் அவ்வகையில் ஒரு பூசையே.

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் புரவலர்கள் கோபுரத்துக்கு வண்ணமும் கருவறைக்கு விளக்கும் தருவதோடு, ஊர்ப் பிள்ளைகள் வானநூலும் கணிதமும் கற்கவும் சிறிது ஒதுக்குவார்களாயின், அதுவும் இக்கோயிலுக்குச் செய்த தொண்டே ஆகும். நாளைய குடமுழுக்குக்கு நாழிகை குறிக்க வேண்டியவர்கள் அப்பிள்ளைகள் அன்றோ? அவர்கள் கண் வானில் தெளிவாகவும், கை கலசத்தின் எதிரே குவிந்தும் இருக்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!

திருச்சிற்றம்பலம்